பதினொரு காலி இடங்கள்

1958 பிப்ரவரி 19, புதன்கிழமை இரவு. மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்று ஆட்டம். கூட்டம் 59,848 பேர். வாசலில் வழக்கம்போல் புரோகிராம் விற்றார்கள். அதைப் பிரித்தால் எதிரணியான ஷெஃபீல்டு வெட்னஸ்டேயின் பதினொரு பெயர்களும் அச்சில் இருந்தன. மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு உரிய பக்கத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பதினொரு இடங்களும் காலி.

பதின்மூன்று நாட்களுக்கு முன், பிப்ரவரி 6 அன்று, பெல்கிரேடிலிருந்து திரும்பிய அணியின் விமானம் மியூனிக்கில் பனிச்சேறு படிந்த ஓடுபாதையிலிருந்து மேலெழ முடியாமல் நொறுங்கியது. அந்த விபத்து மொத்தம் 23 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் 8 பேர் ஆட்டக்காரர்கள். எட்டாமவரான டங்கன் எட்வர்ட்ஸ் இந்த ஆட்டம் நடந்த இரவில் மியூனிக் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். 21ஆம் தேதி இறந்தார். புரோகிராம் அச்சுக்குப் போன நேரத்தில் யார் ஆடப்போகிறார்கள் என்று பொறுப்பு மேலாளர் ஜிம்மி மர்ஃபிக்கே தெரியாது. ஆஸ்டன் வில்லாவிலிருந்து ஸ்டான் கிரவுதர் ஒப்பந்தமானது ஆட்டம் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்புதான். ஒலிபெருக்கியில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, கையில் பென்சில் வைத்திருந்தவர்கள் காலி இடங்களில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்கள். கிரெக், ஃபோல்க்ஸ், கிரீவ்ஸ், குட்வின், கோப், கிரவுதர், வெப்ஸ்டர், டெய்லர், டாசன், பியர்சன், பிரென்னன்.

இன்று அந்தப் புரோகிராம் ஏலங்களிலும் விற்பனைப் பட்டியல்களிலும் வருகிறது. எழுத்து எதுவும் படாத, மடிப்பு விழாத பிரதிக்குத்தான் மதிப்பு. பெயர்கள் எழுதப்பட்ட பிரதியின் விவரத்தில் ‘உள்ளே பென்சில் எழுத்து’ என்று ஒரு குறைபாட்டைப் போலக் குறிப்பிட்டு விலையைக் குறைக்கிறார்கள். கால்பந்து நினைவுப்பொருள் சேகரிக்கும் பழக்கத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரு முரணில் இருக்கிறது. அந்த இரவு அந்த மைதானத்தில் ஒரு மனிதர் இருந்தார், கேட்டார், எழுதினார் என்பதற்கான சாட்சி அந்தப் பென்சில் எழுத்து. வரலாற்றுக்கு அதுதான் பொருள். சந்தைக்கு அது கறை.

ஆனாலும் சேகரிப்பவர்களைக் குறை சொல்லித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இல்லையென்றால் இந்தக் கிளப்பின் முதல் எண்பது ஆண்டுகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது. புரோகிராம் என்பது ஆட்டம் முடிந்ததும் பயன் முடிந்துவிடும் பொருள். நம் ஊர்க் கொட்டகைகளில் படம் பார்க்கப் போனவர்கள் வாங்கிய பாட்டுப் புத்தகத்தைப் போன்றது அது. சில பென்னி விலை, மெல்லிய தாள், சட்டைப்பையில் மடித்து வைக்கும் அளவு. அச்சிட்டவர்களே அதைப் பாதுகாக்க நினைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கியவர்கள் ரயில்வேத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பள்ளிப் பையன்களும்தான். இரண்டாம் உலகப் போரில் தாள் தட்டுப்பாடு வந்தபோது புரோகிராம்கள் ஒற்றைத் தாளாகச் சுருங்கின. அதே போரில் பழைய தாள் சேகரிக்கும் இயக்கத்துக்கு வீட்டிலிருந்த காகிதத்தை மக்கள் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். அந்தச் சல்லடையில் தப்பியதுதான் இன்று நம் கையில் இருப்பது.

கிளப்பின் சொந்த நினைவோ பல முறை அடிபட்டது. 1941 மார்ச் 11 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஓல்டு டிராஃபோர்டின் பிரதான பார்வையாளர் மாடம் சிதைந்தது. 1949 வரை யுனைடெட் தன் உள்ளூர் ஆட்டங்களை மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில் ஆடியது. 1945இல் மேலாளராக வந்த மாட் பஸ்பிக்கு மைதானத்தில் அலுவலகம் இல்லை; கிளப் தலைவர் ஜேம்ஸ் கிப்சனின் கார்ன்புரூக் குளிர்பதனக் கிடங்கில்தான் கிளப்பின் காரியங்கள் நடந்தன. பிறகு மியூனிக். அந்த விமானத்தில் இறந்தவர்களில் வால்டர் கிரிக்மர் ஒருவர். 1926 முதல் கிளப்பின் செயலாளர். இரண்டு முறை மேலாளர் பொறுப்பையும் சுமந்தவர். ஒரு கிளப்பில் எந்தக் கடிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, எந்த ஒப்பந்தம் என்ன பேச்சில் முடிந்தது என்று தெரிந்தவர் செயலாளர்தான். எட்டுப் பத்திரிகையாளர்களும் இறந்தார்கள். உள்ளூர் மாலை இதழ்களில் யுனைடெட்டை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து எழுதிய ஆல்ஃப் கிளார்க்கும் டாம் ஜாக்சனும் அவர்களில் இருவர். ஆட்டக்காரர்களின் இழப்பைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, ஒரே பிற்பகலில் கிளப் தன் நினைவாற்றலையும் இழந்தது என்பதைப் பற்றி எழுதப்படவில்லை. அந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்த்தவர்கள் தனிச் சேகரிப்பாளர்கள். அணியின் பட்டியல், மாற்றங்கள், கூட்டத்தின் எண்ணிக்கை, ரிசர்வ் அணியில் யார் ஆடினார்கள் என்பதெல்லாம் அவர்கள் வைத்திருந்த ஏடுகளிலிருந்தும் வெட்டி ஒட்டிய பத்திரிகைத் துணுக்குகளிலிருந்தும் திரும்பக் கட்டப்பட்டவை.

சேகரிப்பதோடு நிற்காமல் ஆராய்ச்சியிலும் இறங்கியவர்கள் செய்த வேலையை நான் இன்னும் மேலாக மதிக்கிறேன். யுனைடெட் 1878இல், லங்காஷயர் யார்க்‌ஷயர் ரயில்வேயின் பெட்டி, வேகன் பணிமனைத் தொழிலாளர்களால் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கப்பட்டது என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. ஆனால் பதிவான முதல் ஆட்டமாகக் காட்டப்படுவது 1880 நவம்பர் 20 அன்று போல்டன் வாண்டரர்ஸின் இரண்டாம் அணியோடு ஆடி 6-0 என்று தோற்றது. அது கிடைத்ததும் எதிரணி ஊரின் மாலைப் பத்திரிகையில். இடையில் இரண்டு ஆண்டுகள் வெறுமை. தொழிலாளர்கள் வேலை முடிந்து தங்களுக்குள் ஆடிய ஆட்டத்துக்கு நிருபர் வரமாட்டார், புரோகிராம் அச்சாகாது. தோற்றத்தின் கதை எப்போதும் இப்படித்தான் இருளில் இருக்கும். அந்த இருளை ஒப்புக்கொண்டு, பத்திரிகை பத்திரிகையாகப் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகப் பட்டியல் போட்டவர்களால்தான் 1892இல் லீகில் சேர்வதற்கு முந்தைய நியூட்டன் ஹீத் நமக்கு ஒரு உண்மையான அணியாகத் தெரிகிறது.

இந்தப் பழக்கத்தின் பலவீனமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. 1902இல் நியூட்டன் ஹீத் 2,670 பவுண்டு கடனில் மூழ்கியது. கடன் கொடுத்த கிளப் தலைவரே நீதிமன்றத்தை அணுகினார். மைதானத்தின் வாசல் பூட்டப்பட்டது. மதுபானத் தொழிலதிபர் ஜான் ஹென்றி டேவிஸ் காப்பாற்றினார், கிளப்புக்கு மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாறியது. இது பதிவான வரலாறு. ஆனால் கிளப்பின் ரசிகர்கள் சொல்லும் கதை ஒரு நாயைப் பற்றியது. 1901இல் நிதி திரட்ட நடந்த சந்தையில் அணித் தலைவர் ஹாரி ஸ்டாஃபோர்டின் செயின்ட் பெர்னார்டு நாய் கழுத்தில் உண்டியலோடு சுற்றியது, வழிதவறியது, டேவிஸின் கண்ணில் பட்டது, அவருடைய மகள் அந்த நாயை விரும்பினாள், அதிலிருந்து பழக்கம், பழக்கத்திலிருந்து பணம். கேட்க இனிய கதை. அந்த நாயின் படம் பழைய அச்சுகளில் வருவதால், படம் இருக்கிறது, ஆகவே கதையும் உண்மை என்று நம்பிவிடுகிறோம். பொருள் ஒன்று கையில் இருந்தால் அதைச் சுற்றிய பேச்சு முழுவதும் நிரூபணமாகிவிட்டது போன்ற மயக்கம் சேகரிப்பவர்களை எளிதில் பிடிக்கிறது. சந்தை நடந்தது என்பதற்கு ஆதாரம் உண்டு. நாய் இருந்ததும் உண்மை. தொழிலதிபர் பணம் போட்டதற்குக் காரணம் நாய்தான் என்பதை எந்தத் தாளும் சொல்லவில்லை. புதிய பெயரைத் தானே முன்மொழிந்ததாக, கிளப்பில் நெடுநாள் பணியாற்றிய லூயி ரொக்கா பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். அதுவும் பெரும்பாலும் அவர் வாய்மொழியில் நிற்கும் செய்தி. இத்தகைய இடங்களில் ஆராய்ச்சியாளர் எழுத வேண்டிய வாக்கியம் ‘இவ்வளவுதான் தெரியும்’ என்பது. நினைவுப்பொருளை விற்பவரால் அந்த வாக்கியத்தை எழுத முடிவதில்லை.

பழைய பத்திரிகைகள் இப்போது கணினியில் தேடக் கிடைக்கின்றன. நூலகத்தின் மைக்ரோஃபிலிம் கருவியின் முன் வாரக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை ஒரு மாலையில் முடிகிறது. இதன் நன்மை சொல்லாமலே விளங்கும். தீமை ஒன்றைச் சொல்ல வேண்டும். தேடும் சொல் கிடைத்த துண்டை மட்டும் வெட்டி எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பத்தியின் மேலும் கீழும் என்ன இருக்கிறது, அதே பக்கத்தில் வேலைநிறுத்தச் செய்தி வந்ததா, பணிமனையில் ஆட்குறைப்பு நடந்ததா என்று பார்ப்பதில்லை. மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படித்தால் அந்த ஆட்டமே நடக்காததாகிவிடுகிறது. முழுப் பக்கத்தையும் நாள் வரிசையில் படித்த பழைய ஆட்கள் தேடாததையும் கண்டுபிடித்தார்கள்.

விலையின் விஷயத்துக்கு வருகிறேன். விபத்துக்கு இரண்டு நாள் கழித்து, 1958 பிப்ரவரி 8 அன்று, யுனைடெட் ஓல்டு டிராஃபோர்டில் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸோடு ஆட வேண்டியிருந்தது. அதற்கான புரோகிராம் முன்பே அச்சாகிவிட்டது. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது, ஏடுகள் அழிக்கப்பட்டன, விரல்விட்டு எண்ணும்படியாகச் சில மட்டும் தப்பின. அவற்றில் ஒன்று விற்பனைக்கு வந்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்கிறார்கள். பத்தாண்டு கழித்து, 1968 மே 29 அன்று, வெம்பிளியில் யுனைடெட் 4-1 என்று பென்ஃபிகாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் இங்கிலாந்து கிளப் அது. அன்று வெம்பிளிக்கு வந்தவர்கள் தொண்ணூறாயிரத்துக்கும் மேல். அந்தப் புரோகிராம் ஏராளமாக அச்சானது, ஏராளமாகப் பத்திரப்படுத்தப்பட்டது. ஆகவே ஒரு சராசரி ரசிகர் வாங்கிவிடக்கூடிய விலைக்கே அது கிடைக்கிறது. ஆடாத ஆட்டத்தின் தாள் விலையில் மலை. கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய இரவின் தாள் விலையில் மடு.

அரிதான பொருளுக்கு விலை கூடும் என்பது சந்தையின் இயல்பு, அதைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தீங்கு எங்கே வருகிறது என்றால், விலை மெல்ல மெல்ல முக்கியத்துவத்தின் அளவுகோலாக மாறும்போது. பத்திரிகைகள் ஒரு புரோகிராமைப் பற்றி எழுதுவது அது என்ன விலைக்குப் போனது என்ற செய்திக்காகவே. 1882 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின், அதாவது ஓல்டு ஈட்டோனியன்ஸ் – பிளாக்பர்ன் ரோவர்ஸ் ஆட்டத்தின், புரோகிராம் 2013இல் லண்டன் ஏலத்தில் 35,250 பவுண்டுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பெரும்பணக்காரப் பள்ளியின் பழைய மாணவர்கள் அணியும் வடக்கத்திய ஆலை நகரத்தின் அணியும் மோதிய அந்த ஆட்டம் விளையாட்டின் கை மாறிக்கொண்டிருந்த காலத்தின் அடையாளம். அந்தத் தாளில் படிக்க வேண்டியது அது. செய்தியில் வந்தது தொகை.

பழுதற்ற நிலைக்குக் கொடுக்கப்படும் மதிப்பு இதைவிட என்னை வருத்துகிறது. யுனைடெட் புரோகிராம்களில் பல ஆண்டுகள் ஒரு சிறு டோக்கன் அச்சிட்டார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து, புரோகிராம் வாங்கி, டோக்கனைக் கத்தரித்து, தனித்தாளில் வரிசையாக ஒட்டிக் காட்டினால் கோப்பை ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்க முன்னுரிமை. விசுவாசத்தை எண்ணிப் பார்க்கக் கிளப் கண்ட வழி அது. இன்று விற்பனைப் பட்டியலில் ‘டோக்கன் உள்ளது’ என்றால் ஒரு விலை, ‘டோக்கன் வெட்டப்பட்டது’ என்றால் அதைவிடக் குறைந்த விலை. யோசித்துப் பாருங்கள். டோக்கன் வெட்டப்பட்ட ஏட்டை வைத்திருந்தவர் மழையிலும் பனியிலும் நின்று ஆட்டம் பார்த்தவர், அடுத்த சுற்றுக்கும் போகத் துடித்தவர். அந்தச் சதுர ஓட்டைதான் அவர் வாழ்ந்ததன் வடிவம். அதைக் குறை என்று எழுதும் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆட்டம் பார்த்தவர்களின் கைப்பட்ட பிரதிகள் ஓரம் கட்டப்பட்டு, யாரும் பிரித்துப் பார்க்காத பிரதிகள் பெட்டகத்துக்குப் போகின்றன. சில சேகரிப்பாளர்கள் பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கிறார்கள். துருப்பிடித்த ஊசியைக் கழற்றி வேறு ஊசி மாட்டுகிறார்கள். துரு தாளைத் தின்னும் என்பதால் ஊசியைக் கழற்றுவதில் நியாயம் உண்டு. பெயரை அழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சோகத்தை விற்பது பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். மியூனிக் சம்பந்தப்பட்ட எந்தத் தாளுக்கும், எந்தக் கையெழுத்துக்கும் தனி விலை. இதைக் கேட்டதும் அருவருப்பு வருவது இயல்பு. ஆனால் முழுவதும் தள்ளிவிட என்னால் முடியவில்லை. துக்கத்தைப் பொருளோடு சேர்த்துக் காப்பாற்றுவது மனித வழக்கம். இறந்தவரின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைப்பவர்கள்தான் நாம். டங்கன் எட்வர்ட்ஸின் சொந்த ஊரான டட்லியில் அவருடைய பொருட்களை மக்கள் பார்க்கும்படி வைத்தார்கள். அங்குள்ள செயின்ட் ஃபிரான்சிஸ் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியில் அவர் உருவம் இருக்கிறது. அந்த ஊரார் தங்கள் பையனை நினைப்பதற்கும், முதலீட்டாளர் ஒருவர் அவர் கையெழுத்தை இரும்புப் பெட்டியில் பூட்டுவதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். பொருள் ஒன்றேதான்; யார் கண்ணில் படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆட்டக்காரர்களே தங்கள் பதக்கங்களை விற்கும்போது கேள்வி இன்னும் கடினமாகிறது. 1966இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பையும் 1968இல் யுனைடெட்டுக்காக ஐரோப்பியக் கோப்பையும் வென்ற நாபி ஸ்டைல்ஸ், உடல்நலம் குன்றிய நிலையில், 2010இல் தம் குடும்பத்துக்காகப் பதக்கங்களை ஏலத்தில் விட்டார். உலகக் கோப்பைப் பதக்கம் 160,000 பவுண்டுக்குப் போனது. இரண்டு பதக்கங்களையும் மான்செஸ்டர் யுனைடெட்டே தன் அருங்காட்சியகத்துக்காக வாங்கியது. பதக்கம் பொதுமக்கள் பார்க்கும் இடத்துக்கு வந்தது நல்ல முடிவுதான். ஆனால் அவர் தலைமுறை ஆட்டக்காரர்கள் வாங்கிய சம்பளம் இன்றைய சம்பளத்தோடு ஒப்பிடவே முடியாதது. முதுமையில் தம் வாழ்வின் சாட்சியை விற்றுத்தான் பிள்ளைகளுக்கு ஏதாவது விட்டுச்செல்ல முடிந்தது என்ற உண்மையை அந்தக் கண்ணாடிப் பெட்டியின் அருகிலும் எழுதி வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நினைவுப்பொருள் சந்தை அவருக்கு உதவியது. அவருக்கு உதவ வேண்டியிருந்த வேறு யாரும் செய்யாததை அது செய்தது.

கிளப்புகளும் விற்கின்றன. உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப்பான ஷெஃபீல்டு எஃப்.சி., 1857இல் தொடங்கியது, தன் கையெழுத்து விதிகளையும் கூட்டக் குறிப்பேடுகளையும் 2011இல் 881,250 பவுண்டுக்கு விற்றது. சிறிய கிளப், மைதானத்துக்கும் வசதிகளுக்கும் பணம் தேவை. அந்த நிர்வாகிகளின் இடத்தில் இருந்தால் நானும் வேறு என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு கிளப் தன் பிறப்புச் சான்றிதழை விற்றது போன்ற உணர்வு விலகுவதில்லை.

இந்த வாங்கல் விற்றலில் எனக்கு நிறைவு தரும் வரலாறு ஒரு கோப்பையுடையது. எஃப்.ஏ. கோப்பையின் முதல் வெள்ளிக் கோப்பை 1895இல் பர்மிங்ஹாமில் ஒரு கடையின் காட்சிப் பெட்டியிலிருந்து திருடப்பட்டது. திரும்பக் கிடைக்கவே இல்லை. அதே அச்சில் செய்த இரண்டாம் கோப்பை 1896 முதல் 1910 வரை புழங்கியது. 1904இல் மான்செஸ்டர் சிட்டியும், 1909இல் பிரிஸ்டல் சிட்டியை 1-0 என்று வென்ற யுனைடெட்டும் தூக்கியது அதைத்தான். அந்த வெற்றியின் மகிழ்ச்சியில் யுனைடெட் தரப்பில் கோப்பையின் நகல் ஒன்றைச் செய்துகொண்டார்கள். வடிவமைப்பின் உரிமை தன்னிடம் இல்லை என்பது கால்பந்து சங்கத்துக்கு (எஃப்.ஏ.) அப்போதுதான் உறைத்தது. 1911இல் புது வடிவில் வேறு கோப்பை செய்து, பழையதைச் சங்கத் தலைவர் கின்னேர்டு பிரபுவுக்குப் பரிசளித்துவிட்டார்கள். 2005இல் அது ஏலத்துக்கு வந்தபோது, அப்போது பர்மிங்ஹாம் சிட்டி கிளப்பை நடத்திய டேவிட் கோல்டு, நாட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்று 478,400 பவுண்டு கொடுத்து வாங்கினார். 2020இல் அதை 760,000 பவுண்டுக்கு வாங்கியவர் மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர் ஷேக் மன்சூர். வாங்கியவர்கள் இருவரும் பெரும் பணக்காரர்கள். இரு கையிலும் இருந்த காலத்தில் அது தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. உரிமை ஒருவரிடம், பார்வை எல்லோருக்கும் என்ற ஏற்பாடு சாத்தியம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். பழைய புரோகிராம் ஒன்றை வைத்திருப்பவராலும் இதைச் செய்ய முடியும். அதற்கு ஒரு ஸ்கேனர் போதும்.

போலிகளைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. எல்லாச் சேகரிப்புத் துறைகளிலும் உள்ள நோய் அது. 1950களில் ஆட்டச் சட்டைகளை ஒவ்வொரு பருவத்துக்கும் எறிந்துவிடவில்லை. முதல் அணி போட்டுத் தேய்ந்தது ரிசர்வ் அணிக்குப் போகும், பிறகு பயிற்சிக்கு. ஆகவே உண்மையில் மிஞ்சியவை சொற்பம். விற்பனைக்கு வருபவை அதைவிட அதிகம். அணி முழுவதும் கையெழுத்திட்டதாகச் சொல்லும் தாள்களில் ஒரே கை பலருக்காகப் போட்டவையும் உண்டு. இறுதியாட்ட நாட்களில் மைதானத்துக்கு வெளியே விற்ற கள்ளப் புரோகிராம்கள் இன்று தாமே சேகரிப்புப் பொருளாகிவிட்டன. மறுபதிப்புகளை அசல் என்று விற்பதும் நடக்கிறது. 1986 உலகக் கோப்பையின் இங்கிலாந்து ஆட்டத்தில் மரடோனா அணிந்த சட்டை 2022இல் 71 லட்சம் பவுண்டுக்கு விற்றபோது, அது இரண்டாம் பாதியில் போட்ட சட்டையே இல்லை என்று அவர் மகள் மறுத்தார். தையல், சின்னத்தின் கோணம், எண்ணில் விழுந்த பளபளப்பு ஆகியவற்றைப் புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் நிறுவினார்கள். கோடிகளில் விலை போகும் சட்டைக்கு இந்த உழைப்பு கிடைக்கிறது. இருபது பவுண்டு புரோகிராமுக்குக் கைமாறிய வரலாறு ஒன்றுதான் பாதுகாப்பு. யாரிடமிருந்து, எந்த ஆண்டு, எந்த வீட்டின் பெட்டியிலிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கும் வழக்கம் இந்தத் துறையில் வேரூன்றவே இல்லை. சேகரிப்பவர் இறந்ததும் குடும்பத்தார் பெட்டிகளைப் பிரித்து விற்கிறார்கள். ஐம்பதாண்டு ஒருங்கே இருந்த வரிசை ஒரே மாதத்தில் சிதறுகிறது. ஒருங்கே இருந்ததுதான் அதன் அறிவு. விளையாட்டுப் பத்திரிகையாளர் ஹாரி லேங்டன் சேர்த்தவை ஃபிஃபாவின் சேகரிப்பாகக் கைமாறி, தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் ஒரு பகுதியானதைப் போன்ற நல்லூழ் மிகச் சிலருக்கே.

கிளப்பே அருங்காட்சியகம் நடத்தினால் தீர்வாகிவிடாதா என்று கேட்கலாம். யுனைடெட் 1986இலேயே ஒன்றைத் திறந்தது. 1998இல் அதை வடக்கு மாடத்துக்கு விரிவாக மாற்றியபோது திறந்துவைத்தவர் பெலே. பெருமைப்படத்தக்க காரியம். ஆனால் தன் வரலாற்றைத் தானே காட்டும் கிளப்புக்கு, தன் சட்டையை விற்க வேண்டிய தேவையும் இருக்கிறது. 1992இல், லீகில் சேர்ந்த நூற்றாண்டை ஒட்டி, பச்சையும் பொன்னிறமும் பாதிப் பாதியாக அமைந்த சட்டையை யுனைடெட் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்து நியூட்டன் ஹீத் என்றாலே பச்சை, பொன் என்று உலகம் நம்பிவிட்டது. பெயர் மாறுவதற்கு முந்தைய கடைசி ஆண்டுகளில் அந்த அணி வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் அணிந்தது என்பதைச் சொன்னால் ரசிகர்கள் வியப்படைகிறார்கள். ஆனால் அதே நினைவுச் சட்டையின் நிறங்கள் 2010இல் கிளேசர் குடும்பத்தின் கிளப் உரிமைக்கு எதிரான கழுத்துத் துண்டாக ஆயிரக்கணக்கான தோள்களில் ஏறியதும் வரலாறு. அரைகுறை உண்மையாக விற்கப்பட்ட ஒன்று, வாங்கியவர்கள் கையில் முழு உண்மையான கோபமாக மாறியது. நினைவுப்பொருளின் உயிர் இப்படி எதிர்பாராத இடத்திலும் துளிர்க்கும்.

கிளப் தயங்கும் பக்கங்களைத் தனியார் காப்பாற்றிய சான்றும் உண்டு. 1907 டிசம்பரில் மான்செஸ்டரின் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் சங்கம் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் யுனைடெட்டின் பில்லி மெரிடித்தும் சார்லி ராபர்ட்ஸும் உண்டு. 1909இல் சங்கத்தை விட்டு விலகாவிட்டால் தடை என்று கால்பந்து நிர்வாகம் மிரட்டியபோது, யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலக மறுத்து, ‘ஒதுக்கப்பட்டோர் கால்பந்து கிளப், 1909’ என்று பலகையில் எழுதி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு புகைப்படம் தொழிலாளர் வரலாறு முழுவதற்கும் சொந்தமானது. ஆனால் அதே காலத்தில் சட்டைகளைத் துவைத்த பெண்கள், மைதானத்தில் புல் வெட்டியவர்கள், வாசலில் அதே புரோகிராமை விற்ற பையன்கள் எந்தப் படத்திலும் இல்லை. அவர்களைப் பற்றிய தாள் எதையும் யாரும் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதற்கு வாங்குபவர் இல்லை. சந்தை வழியாக மட்டும் ஒரு கிளப்பின் வரலாறு வந்து சேர்ந்தால் இப்படித்தான் ஓட்டைகளோடு சேரும்.

இத்தனைக்குப் பிறகும், இந்தப் பழக்கத்தை மேற்கொள்ள விரும்பும் இளைஞர் ஒருவர் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், விலை உயர்ந்த எதையும் காட்ட மாட்டேன். பிப்ரவரி 19 இரவின் புரோகிராம் கிடைக்காத பொருளல்ல; அன்று வந்தவர்களில் பலர் அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் வைத்திருந்தார்கள். பென்சில் எழுத்து உள்ள பிரதியாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். காலி இடங்களின் கடைசியில், இடது ஓரத் தாக்குநரின் இடத்தில், பிரென்னன் என்ற பெயர் இருக்கும். அதுவரை முதல் அணிக்கு ஆடியிராத இருபது வயதுப் பையன். கூட்டத்தில் பலர் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் அன்றுதான் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். அவர் இரண்டு கோல் போட்டார்; யுனைடெட் 3-0 என்று வென்றது. பிறகு பத்தாண்டு கழித்து நடந்த வெம்பிளி ஆட்டத்தின் புரோகிராம் ஒன்றையும் வாங்கி, அதன் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். அதில் ஷே பிரென்னன் வலது பின்காப்பாளர், இரண்டாம் எண். பெயர் அச்சில் இருக்கிறது.